சம்பந்தி வண்டிக்குப் போட்ட பேஸ்ட்

உக்காருங்க சார். அந்த ஸ்டூலு வேண்டாங்க, அதுல ஒரு காலு ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. உங்க இஞ்சின் ஹெட்டு லேத்துல இருந்து வந்துருச்சு, பாருங்க, கண்ணாடியாட்ட இருக்குது. கைய வெச்சு வேணும்னாலும் பாருங்க. இனிப் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல புது பேக்கிங்கை வெச்சு, ஹெட்டை மேல ஏத்தி, போல்ட்டை முறுக்கி விட்டா வேலை முடிஞ்சுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள நீங்க பழனி போயிரலாம்.

அது என்னங்க கையில? பேஸ்ட்டுங்களா. நீங்களே கடையில வாங்கிட்டு வந்துட்டீங்களா. சரிங்க, சரிங்க. பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் இதைத் தடவித்தான் போடணுமான்னு கேக்கறீங்க. போன் வீடியோவுல ஒருத்தரு போடச் சொல்றாரு, இன்னொருத்தரு போடவே கூடாதுங்கறாரு, எது சரிங்கறீங்க.

கேக்க வேண்டியதுதானுங்க. வண்டி உங்களுது. ஆனா இந்தக் கேள்வியை யாராச்சும் கேட்டா எனக்கு மூஞ்சியெல்லாம் சூடாயிருதுங்க சார். இந்தத் தாராபுரம் ரோட்டுல கடை போட்ட நாளா எத்தனையோ ஹெட்டு இறக்கி ஏத்தியிருக்கறன். எனக்குத் தெரியாதுன்னு இல்லை. தெரியும். அதுதானுங்க வெக்கமே. தெரியாமப் பண்ணியிருந்தா இன்னைக்குக் காலை நீட்டி நிம்மதியாத் தூங்குவன்.

பதில் சொல்றனுங்க. சொல்லாம எங்க போயிரப் போறன். டீ சொல்லியிருக்கறன், வரட்டும். அதுக்குள்ள ஒரு சங்கதி சொல்லிர்றன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

எனக்கு ஒரே பொண்ணுங்க. தாரணின்னு பேரு. வெளிய போர்டுல பாத்திருப்பீங்களே, தாரணி ஆட்டோ ஒர்க்ஸ்னு, அவ பொறந்தப்ப ஆரமிச்ச கடை. இங்கயேதான் வளந்தா. பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கதான் வருவா. பிளாக்குல பழைய பேக்கிங் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதைச் சுரண்டி எடுக்கறதுக்கு அவளாட்ட ஆள் கிடையாது, ஒரு கீறல் விழாது. பொட்டப்புள்ளை கையில எதுக்கப்பா கிரீஸுன்னு வர்றவங்க கேப்பாங்க. நான் சிரிச்சுக்குவன். பேஸ்ட்டு வேண்டாமாப்பான்னு ஒருக்கா அவளே கேட்டா. ரெண்டு மூஞ்சியும் சுத்தமா, மட்டமா இருந்தாப் போதும் சாமி, நடுவுல பசை எதுக்குன்னு சொன்னன். நாந்தானுங்க சொன்னன். அவ அதை மறக்கலை.

வெள்ளகோயில் பக்கம் கட்டிக் குடுத்தோம். சம்பந்தி பேரு பொங்கியண்ணன். கொப்பரைக்குத் தேங்காய் காயப் போடற களம் வெச்சிருக்கறாரு. கோயிலுக்கு, கல்யாணத்துக்குன்னு வாடகைக்கு விடறதுக்கு ஒரு வேனும் இருக்குது. நெம்பச் சத்தமாப் பேசற மனுசன், ஆனாக் கெட்டவரு இல்லீங்க. மாப்ளை யுவராசு தங்கமான பையன். அப்பன் ஊட்டுல இருக்கறப்ப அவன் ஒருத்தன் இருக்கறதே வெளிய தெரியாது. எம்பட ஊட்டுக்காரி மரகதம் சொல்லுவா, மாப்ளை அப்படியே உங்களையாட்டவே வந்து வாய்ச்சிருக்கறாருன்னு. பாராட்டித்தான் சொல்றான்னு நெனச்சுக்கிட்டு இருந்தன்.

பொண்ணைக் குடுத்தவனுங்க நான். உங்க பக்கம் எப்படியோ தெரியலை. எங்க பக்கம் சம்பந்தி ஒண்ணு சொன்னா, பொண்ணைக் குடுத்தவன் முதல்ல சரிங்கன்னு சொல்லிப்போட்டு, அப்பறந்தான் அவரு என்ன சொன்னாருன்னு யோசிப்பான். அது பயம் இல்லீங்க, மரியாதை. நாம மரியாதையா இருந்தாத்தானே நம்ம புள்ளையை அங்க மரியாதையா வெச்சுக்குவாங்க.

ஒண்ணு சொல்றன் பாருங்க. தாரணி காங்கேயத்துல ஒரு மில்லு ஆபீசுல கணக்கெழுதிக்கிட்டு இருந்தா. கல்யாணத்துக்கு அப்பறமும் போயிக்கிட்டுத்தான் இருந்தா. வயித்துல புள்ளைன்னு ஆனதும் சம்பந்தி வேலையை நிறுத்தச் சொல்லிட்டாரு. இப்பத்திக்கு இல்லை, இனி எப்பவுமே வேண்டாம்னு. எனக்குப் போன் பண்ணுனா. "அப்பா, நீங்க வந்து மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எதுத்துப் பேசறதா ஆயிரும்"னா. போனனுங்க. ஆப்பிள், ஆரஞ்செல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் போனன். அவரு களத்துல நின்னுக்கிட்டு, மருமகளை வேலைக்கு அனுப்பித்தான் நாங்க சோறு திங்கணுமாங் சம்பந்தின்னு சிரிச்சாரு. அதுக்கு நான் என்னங்க சொல்ல முடியும். நீங்க சொன்னாச் சரிங்கன்னு சொல்லிப்போட்டு, காப்பி குடிச்சுட்டு வந்துட்டன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, நல்லபடியா முடிஞ்சுது. தாரணி வாசல் வரைக்கும் வந்து நின்னா. ஒண்ணுமே கேக்கலை. புரிஞ்சுக்கிட்டா போலன்னு நெனச்சன்.

இதை எதுக்கு இப்பச் சொன்னன்? பேஸ்ட்டு. ஆமாங்க, பேஸ்ட்டுக்குத்தான் வர்றன்.

அந்த வேனுக்கு ஹெட் பேக்கிங் போயிருச்சு. ரேடியேட்டர்ல தண்ணி நிக்கறதில்லை, பின்னால வெள்ளப்பொகை. சம்பந்தி நேரா இங்க கொண்டுவந்துட்டாரு. சம்பந்தி கடை இருக்கறப்ப வேற எடத்துல உட்டா ஊரு சிரிக்காதான்னு. எனக்குப் பெருமைதானுங்க. கூடவே சொந்தம், ஒறம்பரைன்னு ரெண்டு மூணு பேரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு, வேடிக்கை பாக்கறதுக்கு. இப்ப நீங்க உக்காந்திருக்கற சேர்லதான் உக்காந்தாரு.

பிரிச்சு, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, பிளாக்கைச் சுத்தமாத் தொடச்சு, தகடு பேக்கிங்கை எடுத்து வெக்கறன், கேட்டாரு. பேஸ்ட்டு எங்கன்னு.

இதுக்கு வேண்டியதில்லைங்க, இது தகடு, மேல பூச்சு பூசியேதான் வருதுன்னு சொன்னன். சொன்னனுங்க சார். ஒருக்காச் சொன்னன். மெதுவாத்தான் சொன்னன், ஆனாச் சொன்னன். அவரு கூட வந்தவங்களைப் பாத்துச் சிரிச்சாரு. நம்ம லாரி ஓடுன காலத்துல பேஸ்ட்டு போடாத ஹெட்டு உண்டான்னாரு. அப்பறம் என்னையப் பாத்து, "என்னங் சம்பந்தி, நம்ம வண்டின்னதும் கையை இழுத்துக்கறீங்க"ன்னாரு.

அந்தச் சொல்லை நான் எப்படித் தாங்கறது சொல்லுங்க. நாலு பேரு முன்னால. கல்யாணத்துல பந்தியில நின்னு அவருக்கு நெய் ஊத்துனவன் நான். சம்பந்தி எலைக்கு நெய் ஊத்தறவன், அவரு போதும்னு கையைக் காட்டற வரைக்கும் நிறுத்தக் கூடாதுங்க. அவரு காட்டவே மாட்டாரு. அன்னைக்கும் அப்படித்தான் ஆச்சு. ட்யூப்பை எடுத்தன், ஒரு சுத்துப் போட்டன். இன்னுங் கொஞ்சம்னாரு. போட்டன். அந்தப் பக்கம்னாரு. போட்டன்.

அந்த இஞ்சின்ல கீழ இருந்து மேல எண்ணெய் ஏறறதுக்கு ஒரே ஒரு ஓட்டைதானுங்க. ஒரு மொளகு போற அளவு இருக்கும். மேல வால்வை ஆட்டற சாமானுக்கெல்லாம் அது வழியாத்தான் எண்ணெய் போகணும். ஹெட்டை வெச்சு முறுக்குனா, தடவுன பேஸ்ட்டு எங்க போகும்? நசுங்கிப் பக்கத்துல இருக்கற ஓட்டைக்குள்ளதான் போகும். எனக்குத் தெரியாதுங்களா. ட்யூப்பைப் பிதுக்கறப்பவே அந்த ஓட்டை என்னையவே பாத்துக்கிட்டு இருக்கறாப்பல இருந்துச்சு.

அவங்க போனதுக்கப்பறம் எடுத்துத் தொடச்சுப்போட்டு வெச்சிருக்கலாமல்லன்னு மரகதம் கேட்டா. எங்கங்க முடியும். கடைசி போல்ட்டை முறுக்கற வரைக்கும் சேரை விட்டு எந்திரிக்கலையே அவரு. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனன். நல்லாத்தான் ஓடுச்சு. என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. எனக்கும் சித்த நேரம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

கொஞ்ச நாள் ஓடுச்சுங்க. சாமியைக் கும்பிட்டுக்கிட்டு இருந்தன், இப்படியே ஓடிறட்டும்னு.

அப்பறம் தாரணிக்குக் கட்டுச்சோத்து விருந்து வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, ஒம்பதாம் மாசம் நாங்க அத்தனை வகைச் சோறும் கட்டி எடுத்துக்கிட்டு மாப்ளை ஊட்டுக்குப் போயி, எல்லாருக்கும் போட்டு, புள்ளைக்கு வளையலடுக்கி, பிரசவத்துக்கு நம்மூட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றது. புளிச்சோறு, தேங்காச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு மரகதம் ஒரு கொறை வெக்கலை. விருந்து முடிஞ்சு கெளம்பறப்ப, சம்பந்தி நம்ம வேன்லயே கொண்டுபோயி உடறன்னு வந்து நின்னாரு. அவரே ஓட்டறேன்னாரு. சம்பந்தி கைப்பட்ட வண்டி, ராசா வண்டின்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொன்னாரு. நான் வேற கார் சொல்லியிருந்தன். அதை வேண்டாம்னு அனுப்பிப்போட்டு வேன்ல ஏறுனன்.

தாரணி முன்னால உக்காந்திருந்தா, முழங்கை வரைக்கும் வளையலு. நான் அவளுக்குப் பின்னால. மரகதம், ஒறம்பரை ஆளுங்க, பொம்பளைங்க எல்லாம் அதுக்குப் பின்னால, சிரிப்பும் பேச்சுமா. ஊரைத் தாண்டி, கரண்டு எடுக்கற காத்தாடியா நிக்குமே அந்தப் பொட்டக்காடு, அங்க வர்றப்ப எனக்குக் கேட்டுச்சுங்க. மேல இருந்து ஒரு சத்தம். தையல் மிஷின் ஓட்டறாப்பல, டிக்டிக்டிக்குனு. வேற யாருக்கும் அது கேக்காது. எனக்குக் கேட்டுச்சு. மேல எண்ணெய் ஏறலை.

அந்த நிமிசம் நிறுத்தியிருந்தா இஞ்சினு தப்பிச்சிருக்கும் சார். நிறுத்துங்கன்னு ஒரு சொல்லு. ஆனா நிறுத்துங்கன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னா பேஸ்ட்டுன்னு சொல்லணும். பேஸ்ட்டுன்னா, நீங்க சொல்லித்தான் போட்டன்னு வரும். அத்தனை ஒறம்பரையும் வண்டிக்குள்ள, நல்ல காரியத்துக்குப் போயிட்டு வர்றப்ப, அவரு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது. ஊடு வரைக்கும் போயிரும்னு நெனச்சன். நெனைக்கலை, அப்படி நெனச்சுக்கறாப்பல இருந்தன்.

தாரணி திரும்பி என்னையப் பாத்தா.

அவளுக்கும் கேட்டிருக்குதுங்க. இந்தக் கடையில வளந்தவளாச்சே. கேட்டுப்போட்டு, நான் எதாச்சும் சொல்லுவன்னு பாத்தா. நான் சன்னல் பக்கம் திரும்பிக் காத்தாடியைப் பாத்தன்.

அவ சொன்னா. "மாமா, வண்டியை ஓரமா நிறுத்துங்க. மேல எண்ணெய் ஏறலை"ன்னா.

சம்பந்தி சிரிச்சுட்டாரு. கண்ணாடியில என்னையப் பாத்தாரு. ஏனுங் சம்பந்தி, புள்ளை என்னமோ மெக்கானிக்காட்டச் சொல்லுது, அப்படிங்களான்னு கேட்டாரு. எல்லாரும் என்னையத்தான் பாக்கறாங்க.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க சம்பந்தி. நீங்க ஓட்டுங்க"ன்னன்.

இதைச் சொல்றப்ப எனக்கு உங்க மூஞ்சியைப் பாக்க முடியலைங்க சார். இருங்க, இந்தத் துணியை எடுத்துக்கறன். கையைத் தொடச்சுக்கறன்.

அவ முன்னால திரும்பிக்கிட்டா. கையை வயித்து மேல வெச்சுக்கிட்டா. அதுக்கப்பறம் கொஞ்ச தூரந்தான் போச்சு. கடகடன்னு ஒரு சத்தம், அப்படியே இஞ்சினு கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. உச்சி வெயிலு. கண்ணுக்கெட்டற தூரம் ஊடு இல்லை, டீக்கடை இல்லை. ஒரு வேலா மரம் நின்னுச்சு, அதுக்கே நெழலு இல்லை. வளையலும் மாலையுமா அந்தப் புள்ளை ரோட்டோரம் நின்னா. மரகதம் முந்தானையை எடுத்து அவ தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னா.

சம்பந்தி இறங்கி, டயரை ஒரு உதை உதைச்சாரு. பொண்ணூட்டு வேலை இந்த லச்சணத்துல இருக்குதுன்னு எல்லாரும் கேக்கறாப்பலச் சொன்னாரு. நான் முன்னால போயி, என்ற தப்புங்க, நாந்தான் போல்ட்டைச் சரியா முறுக்காம உட்டுட்டன்னு கையைக் கும்புட்டன். பாருங்க, அவரு பேரை நான் இழுக்கவே இல்லை. அங்க இருந்த ஒரு பெரியவரு கூடச் சொன்னாரு, நாச்சிமுத்து பெரிய மனுசன்யா, குத்தத்தைத் தானே ஏத்துக்கிட்டான்னு. அதைக் கேட்டு எனக்கு மனசு கொஞ்சம் ஆறுச்சு. தாரணி எங்க பக்கம் திரும்பாம ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா.

எளநி ஏத்திக்கிட்டு ஒரு குட்டியானை வண்டி வந்துச்சு. கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்துல தாரணியை உக்கார வெச்சோம். நானும் மரகதமும் பின்னால எளநி மேல. பட்டுச்சேலையோட எம்பட ஊட்டுக்காரி எளநி மேல உக்காந்துக்கிட்டு ஒரே ஒண்ணுதான் கேட்டா. அவ சொன்னப்ப எதுக்கு ஒண்ணுமில்லைன்னீங்கன்னு. காத்துல கேக்கலைன்னு சொல்லிட்டன்.

ஊரு வர்றப்ப புள்ளைக்கு வயித்து வலி வந்துருச்சு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தன் பாருங்க, அப்ப என்னைய யாராச்சும் செருப்புல அடிச்சிருந்தாக் கூடத் தேவலையா இருந்திருக்கும். வெயிலுக்குத்தான், பிரசவ வலி இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாமி காப்பாத்துச்சு.

மறுக்கா வேனை இழுத்துக்கிட்டு வந்து இங்கயே போட்டாங்க. ஹெட்டைப் பிரிச்சன். நான் நெனச்ச மாதிரியேதான். அந்த ஒத்தை ஓட்டையில செவப்பு பேஸ்ட்டு காஞ்சு, அடைச்சு, ரப்பராட்டம் நிக்குது. எங்க ஊடு கடைக்குப் பின்னாலதானுங்க. தாரணி இடுப்புல கையை ஊணிக்கிட்டு வந்து, குனிஞ்சு பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. "இதைத் தொடைக்காதீங்கப்பா. மாமா வந்து பாக்கட்டும்"னா.

சரி சாமின்னு சொன்னன். அவகிட்டயும் சரின்னுதான் சொன்னன்.

சம்பந்தி பைக்கு வாசல்ல வந்து நிக்கற சத்தம் கேட்டுச்சு. எனக்கு என்ன ஆச்சோ தெரியலை, கை தானாப் போயி அதை நோண்டி எடுத்துத் துணியில தொடச்சு எறிஞ்சிருச்சு. உள்ள வந்தாரு. என்னங் ஆச்சுன்னாரு. ஆயில் பம்பு வீக்குங்க, மேல எண்ணெயைத் தள்ளலைன்னன். அவரு ஓகோன்னு தலையை ஆட்டிப்போட்டு, பேஸ்ட்டு போட்டதனாலதான் இந்த மட்டுக்கும் தாங்குச்சு, இல்லைனா இன்னும் சீக்கிரமே போயிருக்கும்னாரு.

ஆமாங்கன்னன்.

தாரணி அங்கதான் நின்னா சார். நான் ஆமாங்கன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டு, அந்தத் துணி கெடந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. சம்பந்தி போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாருன்னு கேளுங்க. இந்தத் தடவை இன்னுந் தாராளமாப் போட்டு உடுங்கன்னாரு. சரிங்கன்னு வாசல் வரைக்கும் போயி அனுப்பிப்போட்டு வந்தன். உள்ள வந்து பாத்தா, அவ ஒரு சேரை இழுத்து இஞ்சினுக்குப் பக்கத்துல போட்டு உக்காந்திருக்கறா. நெறமாசக்காரி. ட்யூப்பு அவ மடியில. நான் மேல புடிச்சுக்கிட்ட சாமானை மாத்தி, பிளாக்கைத் தொடச்சு, வெறும் பேக்கிங்கை வெச்சு, ஹெட்டை ஏத்தி, வரிசையா முறுக்கி முடிக்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா. அதுக்கப்பறம் ட்யூப்பை என்ற கையில குடுத்துட்டு ஊட்டுக்குள்ள போயிட்டா.

அந்த வேன் இன்னைக்கும் ஓடுதுங்க. ஒரு சொட்டு ஒழுகலை. எல்லாம் பேஸ்ட்டு மகிமைன்னு சம்பந்தி போற எடமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சொல்லட்டும். அவருக்கு ஒரு சந்தோசம்.

பேத்தி பொறந்துச்சு. நல்லா இருக்குது. மூணாம் மாசம் முடிஞ்சு கூட்டிக்கிட்டுப் போறதுக்குச் சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்ளை எல்லாரும் வந்தாங்க. நல்ல நாள் பாத்தாச்சு, இன்ன தேதின்னு அவரு சொன்னாரு. நான் சரிங்கன்னன். அப்பத்தான் தாரணி புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்து சொன்னா, சத்தமில்லாம, சாதாரணமாச் சொன்னா. "நான் மறுபடி மில்லுக்கு வேலைக்குப் போவேன் மாமா. அதுக்குச் சரின்னா இப்பவே வர்றேன். இல்லைன்னா இங்கயே இருந்துக்கறேன்."

எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. மறுபடியும் என்னையத்தான். சம்பந்தி, என்னங் இதுன்னாரு. மாப்ளை கூடப் பாத்தான், நீங்களாச்சும் எதாச்சும் சொல்லுங்க மாமாங்கற மாதிரி. புள்ளை சொல்றது நாயமானதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பையனும் வாயைத் தொறந்திருப்பான். இப்பத் தோணுது.

நான் எந்திரிச்சு, காப்பி என்னாச்சுன்னு பாத்துட்டு வர்றன்னு உள்ள போயிட்டன்.

அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தன். காப்பி எப்பவோ கலந்து தட்டத்துல ரெடியா இருந்துச்சு. மரகதம் என்னையும் தட்டத்தையும் பாத்தா, எடுத்துக்கிட்டுப் போகலை. வெளிய அவங்க கெளம்பற சத்தம் கேட்ட பொறவுதான் நான் வந்தன்.

அதுல இருந்து அவ இங்கதானுங்க இருக்கறா. மாப்ளை வாராவாரம் வந்து புள்ளையைப் பாத்துட்டுப் போறான், அப்பன்கிட்ட பேசறன் பேசறன்னு சொல்லிட்டுப் போறான். பேசுவான். நல்ல பையன். பாவம், மரியாதை தெரிஞ்சவன், அதனாலதான் லேட்டாவுது. இப்பக் கடைக் கணக்கெல்லாம் அவதான் பாத்துக்கறா. அந்தத் தடுப்புக்குப் பின்னால தொட்டில் ஆடற சத்தம் கேக்குது பாருங்க, அங்கதான் உக்காந்திருக்கறா. நான் பேசறதெல்லாம் அவளுக்குக் கேக்கும். கேக்கட்டும்னுதான் வெச்சுக்குங்களேன். அவ மூஞ்சியைப் பாத்து இதையெல்லாம் ஒரு நாளும் நான் பேசுனதில்லை. உங்களை மாதிரி யாராச்சும் வந்தா உக்கார வெச்சுச் சொல்றன். மத்தபடி எங்கிட்ட நல்லாத்தான் பேசறா. சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பான்னு. என்னைய ஒண்ணு செய்யச் சொல்லி மட்டும் அதுக்கப்பறம் கேட்டதே இல்லை.

இந்தாங்க, டீ வந்துருச்சு. எடுத்துக்குங்க. சக்கரை போதுங்களா.

ஆமாங்க, நீங்க கேட்டது அப்படியே நிக்குது. போடணுமா வேண்டாமா. நீங்க நாலு ஊரு பாத்தவரு, ட்யூப்பையும் காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டீங்க, வாங்குன பொருளை வேண்டாம்னு சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். உங்க வண்டி, உங்க இஷ்டம். நான் ஒண்ணு சொல்லி, அது உங்களுக்கு... இருங்க, எனக்கெதுக்கு வம்பு. அம்மிணி, தாரணி. இங்க சாரு பேஸ்ட்டு போடலாமான்னு கேக்கறாரு கண்ணு. நீயே வந்து ஒரு வார்த்தை சொல்லிரு சாமி.

என்னங்? அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா. நீங்களே சொல்லுங்கப்பாங்கறா.

தொட்டிலும் நின்னுபோச்சு பாருங்க. கேட்டுக்கிட்டு இருக்கறா.

அது வந்துங்க சார். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அது என்னன்னா, இந்தப் பேக்கிங்குக்கு... வந்துங்க... டீ ஆறுதுங்க சார். முதல்ல குடிங்க.